பத்துக்குப் பதினொன்று

நாலாவது படிக்கும்போது அரசாங்கப் பொருள் ஒன்றைக் கல்லில் தேய்த்துப் பாழாக்கினேன். சின்னப் பொருள்தான். கட்டைவிரல் நகம் அளவு. ஆனால் அதற்காக ஒரு வகுப்பே இரண்டு வாரம் பயந்துகொண்டிருந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் பெங்களூர் சிவாஜிநகரில் இருந்தது. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். நாலு அறை, ஒரு குழாயடி. குழாயடியில் கருங்கல் ஒன்று கிடக்கும். மதியம் சாப்பிட்ட தட்டை அங்கேதான் கழுவுவோம். ஹெட்மாஸ்டர் அறையில் ஒரு இரும்பு பீரோ. பீரோவுக்குள் ஒரு நீலப் பெட்டி. அதன் மேல் கன்னடத்தில் கணக்குப் பெட்டி என்று எழுதியிருக்கும். அது உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதை வைத்துப் படித்தவர்கள் யாரும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கல்வி இலாகா ஆபீசர் வருவார். அன்று பெட்டியை வெளியே எடுப்பார்கள். எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுவார்கள். ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வைத்துப் பூட்டுவார்கள்.

ஹெட்மாஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். முன்பு எப்போதோ ஒரு பூகோள உருண்டை காணாமல் போயிருக்கிறது. அதற்கு அவர் மூன்று வருடம் விளக்கக் கடிதம் எழுதினாராம். வெளியே எடுக்காத பொருள் தொலையாது என்று அதற்குப் பிறகு அவர் கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்த வருடம் எங்களுக்குப் புது டீச்சர் வந்தார். மல்லேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நாற்காலி இருந்தும் உட்கார மாட்டார். எங்களையும் பெஞ்சிலிருந்து இறக்கி, எங்களோடு தரையில்தான் உட்காருவார். மேஜைக்கு மேலே இருந்து பார்த்தால் பிள்ளைகளின் உச்சந்தலைதான் தெரிகிறது, கை தெரியவில்லை என்பார்.

வந்த முதல் வாரமே எங்களை வெளியே கூட்டிப்போனார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்துக்கு நூல் கட்டித் தெருவோரம் இழுத்துக்கொண்டு நடந்தோம். பழைய இரும்புக் கடைகள் இருக்கிற தெரு அது. காந்தத்துக்குக் கறுப்பாகத் தாடி முளைத்தது. தினம் அந்த மண்ணில்தான் நடந்துபோகிறோம், அதில் இரும்பு இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “என்னம்மா, நம்ம கடைச் சரக்கையெல்லாம் இழுத்துக்கினு போறீங்களே” என்றார். டீச்சர் காந்தத்தை அவரிடமே கொடுத்து அவரையும் பத்தடி இழுத்துப் பார்க்கச் சொன்னார். அவரும் இழுத்தார்.

இரண்டாவது வாரம் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் நீலப் பெட்டியைக் கேட்டார். எங்கள் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்டது. ஹெட்மாஸ்டர் நிறையப் பேசினார். பூகோள உருண்டையின் கதையை முதலிலிருந்து சொன்னார். டீச்சர் கடைசிவரை கேட்டார்.

“பூட்டி வெக்கறதுக்கா சார் குடுத்திருக்காங்க?”

“தொலைஞ்சா நீங்கதாம்மா பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சார்.”

ஒரு நிபந்தனையோடு பெட்டி வந்தது. ஆபீசர் வந்து எண்ணும்போது ஒன்று குறைந்தாலும் பெட்டி திரும்ப பீரோவுக்குப் போய்விடும். அப்புறம் யாரும் கேட்கக் கூடாது.

பெட்டிக்குள் சிவப்பு பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னச் சதுரக் கட்டைகள் நூறு இருந்தன. ஒரு கட்டை ஒன்று. அதற்கு நாங்கள் ஒத்தை என்று பெயர் வைத்தோம். பத்து ஒத்தையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்தில் மஞ்சள் குச்சிகள். ஒரு குச்சி பத்து. பத்துக் குச்சி அகலத்துக்குப் பலகைகள். ஒரு பலகை நூறு. அவ்வளவுதான் பெட்டி.

தினமும் மணி அடிப்பதற்கு முன் ஒத்தைகளை எண்ண வேண்டும். நூறு வந்தால்தான் வீடு. எண்ணுகிற வேலை ஸ்டெல்லாவுக்கு. வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி. எண்ணுவதில் தப்பு செய்யமாட்டாள், யாரையும் விடவும் மாட்டாள். ஒருநாள் தொண்ணூற்றெட்டு வந்தபோது எல்லாப் பையன்களின் டிரவுசர் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்த்தாள். இரண்டும் அவள் மடியிலேயே கிடந்தன.

எனக்கு அதுவரை கணக்கு வந்ததில்லை. வாய்ப்பாடு சொல்லும்போது வாயை மட்டும் அசைப்பேன். ஜன்னலோரம் கடைசி பெஞ்சு. கரும்பலகையில் நாற்பத்திரண்டில் பதினேழு போனால் என்று எழுதினால் எனக்கு அது சும்மா கோடு. டீச்சர் ஒருநாள் என் முன்னால் நாலு குச்சியும் இரண்டு ஒத்தையும் வைத்தார். “பதினேழு குடு” என்றார். ஒரு குச்சி கொடுத்தேன். இன்னும் ஏழு ஒத்தை வேண்டும். என்னிடம் இரண்டுதான் இருந்தது. இல்லை என்றேன். இல்லையென்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். யோசித்தேன். இன்னொரு குச்சியை நீட்டினேன்.

“சில்லறை குடுங்க டீச்சர்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. குச்சியை வாங்கிக்கொண்டு பத்து ஒத்தை எண்ணிக் கொடுத்தார். ஏழு எடுத்துக் கொடுத்தேன். கையில் இரண்டு குச்சி, ஐந்து ஒத்தை. இருபத்தைந்து. என் வாழ்க்கையில் சரியாக வந்த முதல் கணக்கு அதுதான். அன்றிலிருந்து பெட்டி திறக்கிற நேரத்துக்காகவே பள்ளிக்கூடம் போனேன். ஜுரம் வந்த அன்றும் போனேன்.

அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது.

ஒருநாள் டீச்சர் எங்களை எட்டெட்டுப் பேராக உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் ஒரு குச்சி கொடுத்தார். ஒரு குச்சிக்கு எத்தனை ஒத்தை என்று வாயால் சொல்லக் கூடாது, அடுக்கிப் பார்த்து எழுத வேண்டும் என்றார். எல்லாரும் அடுக்கினார்கள். பத்து என்று எழுதினார்கள். நானும் பத்து அடுக்கினேன். குச்சியின் முனைவரை வரவில்லை. கடைசியில் அரை ஒத்தை அளவு இடம் மிச்சம் இருந்தது. பதினொன்றாவதை வைத்தேன். அது வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

பக்கத்தில் ஸ்டெல்லாவுடையதைப் பார்த்தேன். பத்தும் முனையிலிருந்து முனைவரை அழகாக நின்றன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு ஒத்தைக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. பத்துதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கை தானாகவே சந்து விட்டு வைத்துவிட்டது. மற்றவர்களுடையதும் அப்படித்தான்.

எனக்கு அப்படி வைக்க வராது. என் அப்பாவுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில், இரும்பைச் சீவுகிற மில்லிங் மெஷினில் வேலை. வீட்டில் அவர் எதையாவது சேர்த்தால், ஸ்டூல் கால் ஆனாலும் சரி, ஜன்னல் சட்டம் ஆனாலும் சரி, சேர்த்த இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் திரும்பச் செய்வார். படிப்பு என்று எனக்கு வீட்டில் கிடைத்தது அது ஒன்றுதான். நான் ஒத்தைகளை நெருக்கித் தள்ளினேன். குனிந்து ஒரு கண்ணால் பார்த்தேன். வெளிச்சம் இல்லை. ஆனால் பத்து போதவில்லை.

ஒத்தையில் குற்றம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது அரசாங்கம் கொடுத்தது. நான்தான் கணக்கு வராதவன். பழைய தப்பு திரும்ப வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பதினொன்றாவது ஒத்தையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். கருங்கல்லில் தேய்த்தேன். தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தேன். விரல் நுனி எரிந்தது. பாதியாகும் வரை தேய்த்து, கொண்டுவந்து, சந்தில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சிலேட்டில் பதினொன்று என்று எழுதினேன்.

டீச்சர் வந்து பார்ப்பதற்குள் மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது. ஸ்டெல்லா எண்ண ஆரம்பித்தாள். எண்பதில் நின்றாள்.

“டீச்சர், ஒரு ஒத்தை செத்துப்போச்சு.”

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். யார் செய்தது என்று டீச்சர் கேட்டார். நான் எழுந்து நின்றேன். சிலேட்டு என் கையில்தான் இருந்தது. ஸ்டெல்லா அதைப் படித்தாள். “பதினொண்ணாம் டீச்சர். பத்து ஒண்ணு பதினொண்ணாம்.” வகுப்பே சிரித்தது. அடி விழும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் இருந்த டீச்சர்கள் என்றால் கேள்விக்கு முன்னாலேயே விழுந்திருக்கும்.

டீச்சர் சொன்னது ஒரு வார்த்தை.

“காட்டு.”

அடுக்கினேன். நெருக்கித் தள்ளினேன். வெளிச்சம் தெரியக் கூடாது டீச்சர் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அப்புறம் என் ஒத்தைகளை ஒதுக்கிவிட்டு, பெட்டியிலிருந்து வேறு பத்து எடுத்து அவரே அடுக்கினார். வேறு குச்சி எடுத்தார். அதையும் பார்த்தார். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது குச்சியையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கன்னத்தில் தூசி ஒட்டியிருந்தது.

“இவன் பார்த்தது சரி. நான்தான் பார்க்கலை.”

நான் பார்க்கவில்லை என்று ஒரு டீச்சர் சொல்லி அதற்கு முன்னால் கேட்டதில்லை. அதற்கப்புறமும் அதிகம் கேட்டதில்லை.

ஸ்டெல்லாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்படியானால் பத்து ஒன்று பத்து இல்லையா என்று கேட்டாள். அழுகிற மாதிரி இருந்தாள். பத்து ஒன்று எப்போதும் பத்துதான், இந்தக் கட்டைதான் ஒன்று ஆக மாட்டேன் என்கிறது என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்து, கேட்காமல் தேய்த்தது தப்பு, வா, நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்றார்.

ஹெட்மாஸ்டர் அந்த அரை ஒத்தையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்று குறைந்தாலும் என்று சொல்லியிருந்தேனே என்றார். குறையவில்லை, நூறும் இருக்கிறது, ஒன்று சின்னதாக இருக்கிறது என்றார் டீச்சர். ஆபீசர் இன்னும் இரண்டு வாரத்தில் வரப்போவதாக ஹெட்மாஸ்டர் சொன்னார். அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால்கூடப் பெட்டி பீரோவுக்குப் போகும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறுநாளிலிருந்து என் பெயர் பதினொண்ணு. டேய் பதினொண்ணு, உன்னாலதான்டா பெட்டி போகப்போவுது என்பார்கள். பெட்டி போனால் திரும்ப வாயை அசைக்க வேண்டும். அது எனக்குத்தான் அதிகம் தெரியும்.

டீச்சர் ஒரு குச்சியையும் பத்து ஒத்தையையும் கைக்குட்டையில் கட்டி என்னிடம் கொடுத்தார். அப்பாவிடம் காட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வா என்றார். அரசாங்கப் பொருள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் அதைப் பாழாக்கியவன் கையில். நான் பையில் போடவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அப்பா ராத்திரி வந்து, கை கால் கழுவி, டீ குடித்து முடிக்கும்வரை தூங்காமல் காத்திருந்தேன். அப்புறம் கைக்குட்டையைப் பிரித்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, ஐயோ, சர்க்கார் சாமானாச்சே என்று அடுப்படியிலிருந்தே தலையில் கை வைத்தாள். அப்பா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தன் வெர்னியரை எடுத்தார். பழைய வெர்னியர். மயிரிழை வித்தியாசத்தையும் காட்டுகிற இரும்பு அளவுகோல். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பார். நாங்கள் தொடக்கூடாது. ஒவ்வொரு ஒத்தையாக அதன் வாயில் வைத்து அளந்தார். காலண்டர் தாளின் பின்னால் மில்லிமீட்டரில் எழுதினார். ஒன்பதரை, ஒன்பதரை, ஒன்பதே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்பதரை. குச்சியை அளந்தார். சரியாக நூறு.

“இது ரெண்டு ஆளு செஞ்சது. ஒருத்தன் செஞ்சதை இன்னொருத்தன் பாக்கவேயில்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

“தேய்க்கறதுக்கு முன்னாடி அளந்தியா?”

“இல்லப்பா.”

“அதான் தப்பு.”

வெர்னியரைத் திரும்பத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். சர்க்கார் சாமான் என்று அம்மா இன்னொரு தடவை சொன்னாள். அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை.

அந்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிப்ட், மதியம் போனால் போதும். மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு, கல்யாணங்களுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். டீச்சர் உள்ளே வரச் சொன்னார். அப்பா என் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா மூன்றாவது வரைதான் படித்தவர். டீச்சரிடம் காலண்டர் தாளைக் கொடுத்தார். டீச்சர் அதைப் படித்துவிட்டு, இதை எப்படி அளந்தீர்கள், எனக்குக் காட்டுங்கள் என்றார். அப்பா வெர்னியரை எடுத்தார். பெரிய கோடு எங்கே, சின்னக் கோடு எங்கே, இரண்டும் எங்கே நேராக வருகிறது. சொல்லத் தெரியவில்லை. விரலால்தான் காட்டினார். டீச்சர் முதல் தடவை தப்பாகப் படித்தார். அப்பா, “இல்லீங்கம்மா” என்றார். டீச்சர் திரும்பப் படித்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அப்பா தலையாட்டினார்.

டீச்சர் எங்களை வரிசையில் நிற்க வைத்தார். அப்பா வெர்னியரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். வீட்டில் எங்களைத் தொடவிடாத வெர்னியர். ஒருவன் பென்சிலை அளந்தான். ஒருவன் தன் காது மடலை அளந்தான். ஸ்டெல்லா தன் ரப்பரை நாலு பக்கமும் அளந்து, நாலும் வேறு வேறாக இருக்கிறது என்று அப்பாவிடமே புகார் சொன்னாள். அப்பா அதை வாங்கிப் பார்த்து, ஆமாம்மா, கோணல்தான் என்றார். அவள் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. கடைசியாக என் கைக்கு வந்தது. வெர்னியர் சூடாக இருந்தது. அத்தனை கை பட்டிருந்தது.

சரியான அளவில் புதிதாகச் செய்து தருகிறேன், எத்தனை வேண்டும் என்று அப்பா கேட்டார். நூறு என்றார் டீச்சர். அப்பா சரி என்று சொல்லிவிட்டு செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

ஒர்க் ஷாப்பில் வெள்ளை நைலான் துண்டுகள் மிச்சம் விழும். முதலாளியைக் கேட்டுவிட்டு அதில்தான் செய்தார். சாப்பாட்டு நேரத்தில் செய்தார். அந்த நாட்களில் டப்பாவில் சாதம் பாதி திரும்பி வந்தது. அம்மா கேட்டதற்குப் பசியில்லை என்றார்.

ஆபீசர் வருவதற்கு முதல் நாள் சாப்பாட்டு டப்பாவை என்னிடம் கொடுத்து டீச்சரிடம் கொடுக்கச் சொன்னார். உள்ளே முழுக்க வெள்ளை ஒத்தைகள். ஓரமெல்லாம் மழுக்கியிருந்தார், பிள்ளைகள் கையைக் கிழிக்கக் கூடாது என்று. டீச்சர் பத்து எடுத்துக் குச்சியோடு வைத்தார். முனைக்கு முனை நின்றது. குனிந்து பார்த்தார். வெளிச்சம் இல்லை. எங்களையும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

அப்புறம் எண்ணினார். பத்துப் பத்தாக வைத்து எண்ணினார். பத்து வரிசை வந்தது. டப்பாவில் இன்னும் இருந்தது. அதையும் எண்ணினார். இன்னொரு பத்து. மொத்தம் நூற்றுப்பத்து.

பத்துக்குப் பதினொன்று. என் கணக்கையே அப்பாவும் போட்டிருக்கிறார். டீச்சர் அந்தப் பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலிச் சாக்பீஸ் டப்பா ஒன்றில் போட்டு ஜன்னல் மேல் வைத்துவிட்டார். ஸ்டெல்லா கவனித்துவிடுவாளோ என்று பார்த்தேன். அவள் குனிந்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆபீசர் வந்தார். கன்னடக்காரர். தமிழ் கொஞ்சம் பேசுவார். ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு சிவப்பு ஒத்தைகளை எண்ணினார். என் அரை ஒத்தையும் அதில் ஒன்றாகப் போய்விட்டது. நூறு. “சரி இதெ”, சரியாக இருக்கிறது என்று சொல்லி எழுதினார். ஹெட்மாஸ்டர் மூச்சு விட்டார். அப்போதுதான் ஆபீசர் வெள்ளை ஒத்தைகளைப் பார்த்தார். இது ரிஜிஸ்டரில் இல்லையே, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், பிள்ளைகளைக் கேளுங்கள் சார் என்றார்.

ஆபீசர் எங்களைப் பார்த்தார். எத்தனையோ பேர் இருக்க, ஜன்னலோரம் இருந்த என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, இதற்கு எத்தனை என்று கேட்டார். ஸ்டெல்லா பின்னாலிருந்து பத்து பத்து என்று மெல்லச் சொன்னாள். என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் சொன்னாள். பெட்டியைக் காப்பாற்றுவதற்காகவும்.

பத்து என்று சொல்லியிருக்கலாம். டீச்சரைப் பார்த்தேன். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவப்புல பதினொண்ணு சார். அதுல ஒண்ணு நான் தேய்ச்சது. வெள்ளைல பத்து.”

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஆபீசருக்கு முதலில் புரியவில்லை. “ஏன்ப்பா, ஹத்து அல்வா?” என்றார். பத்துதானே என்று கேட்கிறார். பிறகு அவரே சிவப்பு ஒத்தைகளை எடுத்து அடுக்கினார். பத்து வைத்தார். முனைக்கு முனை நின்றது. பார்த்தாயா என்கிற மாதிரி நிமிர்ந்தார். நான் குனிந்து பார்த்தேன்.

“சார், வெளிச்சம் தெரியுது.”

ஆபீசர் பேண்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குனிந்தார். சந்தைப் பார்த்தார். விரலால் நெருக்கித் தள்ளினார். முனையில் அரை ஒத்தை இடம் விழுந்தது. வெள்ளையை எடுத்து அடுக்கினார். தள்ளினார். அசையவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆபீசில் இதே பெட்டி எத்தனையோ பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறோம் என்று டீச்சரிடம் கன்னடத்தில் சொன்னார். யாரும் இதைச் சொன்னதில்லையே என்றார். யாரும் திறந்திருக்க மாட்டார்கள் சார் என்று டீச்சரும் கன்னடத்திலேயே சொன்னார்.

பெட்டியை என்ன செய்வது என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். குச்சியும் பலகையும் பெரியது, தொலையாது, வகுப்பிலேயே இருக்கட்டும் என்றார் ஆபீசர். சிவப்பு ஒத்தை நூறும் சரியாக இருக்கிறது, அதை பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள், அடுத்த வருடமும் நூறு இருக்கும் என்றார். வெள்ளை? என்று ஹெட்மாஸ்டர் இழுத்தார். ஆபீசர் ரிஜிஸ்டரை மூடினார்.

“அது லிஸ்ட்லயே இல்லையே. இல்லாத சாமானுக்கு எதுக்கு சார் பூட்டு?”

ஹெட்மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். ரிஜிஸ்டரில் இல்லாத பொருளைத் தொலைத்தால் விளக்கம் எழுத வேண்டியதில்லை. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை. அன்று மாலை சிவப்பு ஒத்தைகளை அவரே பீரோவில் வைத்துப் பூட்டினார். வெள்ளை எங்களிடம் இருந்தது.

எங்களில் பலர் அந்த வெள்ளையில்தான் கணக்கு கற்றோம். ஸ்டெல்லா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அதில் டீச்சர் தப்பு ஒன்றுமில்லை. வயது வந்ததும் பீன்யாவிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் ஃபோர்மேன் நூறு பீஸ் வேண்டும் என்றார். எண்ணி நூறு செய்து வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, கெட்டுப்போறது, தொலைஞ்சுபோறது, இதுக்கெல்லாம் யாருப்பா செய்வாங்க, நூறுன்னா நூத்திப்பத்து போடணும் என்றார். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். என்னப்பா ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நாலாவதில் எனக்கு அது தெரியாது.

ஆபீசர் வந்துபோன பிறகு ஒருநாள் சாயங்காலம் ஸ்டெல்லா எண்ணினாள். தொண்ணூற்றொன்பது வந்தது. எல்லாரும் பெஞ்சுக்கு அடியில் குனிந்தோம். டீச்சர் எங்களைத் தேட விடவில்லை. ஜன்னல் மேலிருந்த சாக்பீஸ் டப்பாவிலிருந்து ஒரு ஒத்தையை எடுத்துப் போட்டார். சரியாகப் போய்விட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றார். இனிமேல் தினமும் எண்ண வேண்டாம் என்றும் சொன்னார். ஸ்டெல்லாவுக்கு வேலை போன மாதிரி ஆகிவிட்டது.

எல்லாரும் போகும்வரை நான் நின்றேன். அந்தப் பத்தை டீச்சர் ஏன் ஒளித்து வைத்தார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா தப்பாக எண்ணியது வகுப்பில் யாருக்கும் தெரியக் கூடாது என்று வைத்திருக்கிறார். நானும் வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரிடம் கேட்டால் அவருக்கு அவமானமாக இருக்கும். டீச்சரிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

“டீச்சர், எங்கப்பா மூணாவதுதான் படிச்சாரு.”

டீச்சர் சாக்பீஸ் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். நின்று என்னைப் பார்த்தார்.

“தெரியும்பா. ரொம்ப சரியா எண்ணியிருக்காரு.”

நல்ல டீச்சர், என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.